க்யூஎல்கேஎன்என்: வாசலைத் தவறவிடாத நெட்வொர்க்

அணுக்கரு இணைவுக்காகச் சூடான அயனி வாயுவை (பிளாஸ்மா) காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளைய வடிவக் கருவி டோகமாக். அதன் பிளாஸ்மாவின் நடுவிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியே கசிகிறது என்பதைப் பெரும்பாலும் கொந்தளிப்புதான் முடிவு செய்கிறது. குவாலிகிஸ் நிரல் அந்தக் கசிவைக் கணக்கிடும். ஆனால் ஒரு புள்ளிக்கே பல விநாடி பிடிக்கும். ஆயிரக்கணக்கான தடவை அழைக்க வேண்டிய இடத்தில் அது கட்டுப்படியாகாது. குவாலிகிஸின் சுமார் 30 கோடிக் கணக்கீடுகளை வைத்துப் பயிற்றுவித்து 2020-ல் வெளிவந்த க்யூஎல்கேஎன்என்-10டி என்ற நரம்பியல் நெட்வொர்க் அதே வேலையைப் பல்லாயிரம் மடங்கு வேகமாக முடிக்கிறது. 2024-ல் கூகுள் டீப்மைண்ட் திறந்த மூலமாக வெளியிட்ட டோகமாக் உருவகப்படுத்தும் நிரலான டோராக்ஸுக்குள்ளேயே இந்த வகை நெட்வொர்க்கை ஓட்டலாம்.

வேகத்தைவிடப் பாராட்ட வேண்டியது பயிற்றுவித்த விதம். வெப்பநிலைச் சரிவு (நடுவிலிருந்து வெளியே போகப்போக வெப்பநிலை குறையும் வேகம்) ஒரு வாசல் மதிப்பைத் தாண்டும்வரை கொந்தளிப்பால் வரும் வெப்ப ஓட்டம் பூஜ்யம். தாண்டியதும் செங்குத்தாக ஏறும். சராசரிப் பிழையை மட்டும் குறைக்கப் பார்க்கும் நெட்வொர்க் அந்த முனையை மழுங்கடித்துவிடும். இன்னும் மோசம், அயனி வெப்பம், எலக்ட்ரான் வெப்பம், துகள் ஓட்டம் மூன்றுக்கும் தனித்தனி நெட்வொர்க் வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் வாசலைக் காட்டும். பிளாஸ்மா வாசலை ஒட்டியே நிற்பதால், அங்கே சிறு பிசகு என்றாலும் வெப்பநிலை வளைவே மாறிப்போகும். க்யூஎல்கேஎன்என்-10டியில், அயனி வெப்பச்சரிவு அலைக்கு (அயனிகளின் வெப்பநிலைச் சரிவால் எழும் கொந்தளிப்பு) அயனி வெப்ப ஓட்டத்தை மட்டும் நேரடியாகக் கற்பித்து, மற்ற இரண்டையும் அதற்கான விகிதமாகக் கற்பித்திருக்கிறார்கள். மூன்றுக்கும் வாசல் ஒன்றாகிவிடுகிறது. கொந்தளிப்பே இல்லாத பகுதியில் நெட்வொர்க் நேர்மதிப்பு சொன்னால்தான் தண்டனை. எதிர்மதிப்பு வந்தால் கடைசியில் பூஜ்யமாக்கிவிடலாம். எளிய யோசனை, அருமையான பலன்.

டோராக்ஸில் ஓட்டும்போது பிளாஸ்மாவின் நடு அச்சுப் பகுதியைக் கவனியுங்கள். அங்கே சரிவு சிறியது, கொந்தளிப்பு அடங்கிவிடும். அப்படியே விட்டால் நடு வெப்பநிலை கண்டபடி ஏறும். டோராக்ஸோடு வரும், ஐட்டர் டோகமாக்கின் ஹைப்ரிட் இயக்கமுறைக்கான எடுத்துக்காட்டுக் கோப்பில் சார்பு ஆரம் (நடுவில் 0, விளிம்பில் 1) 0.2-க்குள் வெப்பப் பரவல் எண்ணை (வெப்பம் எவ்வளவு எளிதாகப் பரவும் என்பதன் அளவு) விநாடிக்கு 1 சதுர மீட்டர் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள், அதிலிருந்தே தொடங்கலாம். உள்ளீடுகளைப் பயிற்சி எல்லைக்குள் நிறுத்தும் வசதியையும் போட்டுவிடுங்கள். எல்லைக்கு வெளியே போனால் நெட்வொர்க் தயங்காமல் ஏதோ ஓர் எண்ணைத் தரும். நேரியல் தீர்வுமுறையில், கணக்கு நிலையாக இருக்கச் செயற்கைப் பரவலைச் சேர்க்கும் பெரெவெர்செவ் திருத்தம் இல்லாவிட்டால் வெப்பநிலை படிக்குப் படி மேலும் கீழும் துள்ளும். முதல் ஓட்டத்தில், டோராக்ஸ் பயன்படுத்தும் ஜாக்ஸ் என்ற பைத்தான் நூலகம் கம்பைல் ஆகும் நேரமும் சேர்வதால், அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம்.

குறை என்றால் அது குவாலிகிஸிலிருந்தே வருகிறது. அது காந்தப்புல ஏற்ற இறக்கங்களைச் சேர்ப்பதில்லை, குறுக்குவெட்டையும் வட்டமாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் மாஸ்ட் போன்ற கோள வடிவ டோகமாக்குகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். விளிம்பில் வெப்பநிலை திடீரென்று விழும் பெடஸ்டல் பகுதிக்கும் இது ஆகாது. அங்கே வெப்பநிலையை வேறொரு கணிப்பு மாதிரியிலிருந்து எடுத்து, சார்பு ஆரம் 0.9 வாக்கில் எல்லை மதிப்பாகக் கொடுத்துவிட்டு, அதற்கு உள்ளே மட்டும் இதை ஓட்டுங்கள்.