மின்சாரக் கை வாங்கப் போறீங்களா, காசு கட்டுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

எங்களுக்கு குலசேகரம் பக்கம், ரப்பர்தான் பொழப்பு. அண்ணனுக்கு ஷீட் அடிக்கிற ரோலர்ல சிக்கி வலது கை மணிக்கட்டுக்கு மேல வரைக்கும் போயிருச்சு. புண்ணு ஆறினதும் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துல ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனோம், கேஸ் போட்டிருக்கதால பேரு சொல்லல. அங்க ஒருத்தன் செல்போன்ல மின்சாரக் கை, அதாவது மோட்டார்ல ஓடுற செயற்கைக் கையோட வீடியோ ஒண்ணு காட்டுனான், அஞ்சு விரலும் தனித்தனியா மடங்குது, முட்டைய உடையாம எடுக்குது. 2007ல வந்த ஐ-லிம்ப்ங்கற அஞ்சு விரல் மின்சாரக் கை மாதிரியே இதுவும் செய்யும், மூணே முக்கால் லட்சம்தான், சேட்டன் ஒண்ணும் பேடிக்கண்டா, பயப்படாதீங்கன்னான். அண்ணி தாலிச் செயின மட்டும் விட்டுட்டு மிச்ச நகை எல்லாத்தையும் அடகு வச்சாங்க.

இந்தக் கை எப்படி வேலை செய்யுதுன்னு எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. முழங்கைக்குக் கீழ மிச்சம் இருக்க தசைய இறுக்கும்போது ரொம்பச் சின்னதா ஒரு மின்சாரம் வரும், மிச்சக் கைய நுழைச்சுப் போடுற கூடு, அதான் சாக்கெட்டு, அதுக்குள்ள தோலத் தொட்டுட்டு இருக்க சென்சார் அதப் பிடிச்சு மோட்டார ஓட்டும், பொதுவா உள்பக்கத் தசைய இறுக்கினா மூடும், வெளிப்பக்கத் தசைய இறுக்கினா திறக்கும். அப்போ முதல்ல ரெண்டு இடத்துலயும் சிக்னல் ஒழுங்கா வருதான்னு பாக்கணும்ல? அவன் பாக்கவே இல்ல. டேப்பு வச்சு அளந்தான், மாவு வச்சு அச்சு எடுத்தான், அட்வான்ஸ் வாங்குனான்.

கை வந்த ரெண்டாவது வாரம் அண்ணன் திண்ணையில உக்காந்து சாயா குடிச்சிட்டு இருந்தான். நல்ல புழுக்கம், சாக்கெட்டுக்குள்ள வேர்வை. விரலு தானா விரிஞ்சு கிளாஸ் விழுந்து சூடு சாயா பிள்ளைக்க தொடையில கொட்டிருச்சு, தோலு பொங்கிப் போச்சு. அன்னைக்கு அந்தக் கைய கழட்டினவன்தான். போன் பண்ணினா பழகிரும்னு சொன்னான். ஆறு மாசத்துல மிச்சக் கை வத்தி சாக்கெட்டும் லொடலொடன்னு ஆயிருச்சு, புதுசா வெட்டுப்பட்ட கை வத்தத்தான் செய்யும், முன்னாடியே சொல்லாம அதுக்கு இன்னும் நாப்பதாயிரம் கேட்டான்.

பிறகு வேற ஒரு பிராஸ்தெடிஸ்ட், அதாவது செயற்கைக் கை கால் செஞ்சு மாட்டுறவர், சென்சார ஒட்டி ஸ்கிரீன்ல காட்டுனாரு. அண்ணனுக்கு வெளிப்பக்கத் தசையில சிக்னல் கோடு எழும்பவே இல்ல. அஞ்சு விரல் கையில பிடிய மாத்த பொதுவா ரெண்டு தசையும் ஒரே நேரத்துல இறுக்கணுமாம், இவனுக்கு எப்படி முடியும்? அங்க வந்திருந்த காலேஜ் பிள்ளை ஒருத்தி, கட்டவிரலும் ரெண்டு விரலும் சேர்ந்து மூடித் திறக்குற சாதா மின்சாரக் கை போட்டிருந்தா, பேக் ஜிப்ப சட்டுன்னு இழுத்தா. பாறசாலைக்காரர் ஒருத்தர் தோள்ல வார் போட்டு கேபிள் இழுக்குற கொக்கி போட்டிருந்தாரு, பேட்டரி கிடையாது, மண்ணு தண்ணி எல்லாத்துலயும் வேலை செய்றாராம். அண்ணன் அவருக்க கொக்கியவே பாத்துட்டு இருந்தான்.

சிக்னல் டெஸ்ட் பண்ணாம ஒரு ரூபா கொடுக்காதீங்க. செய்றவங்களுக்கு ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு இருக்கான்னு கேளுங்க. பில்லுல மாடல், சீரியல் நம்பர், வாரண்டி எழுதி வாங்குங்க, எங்க பில்லுல வெறும் "கை"ன்னுதான் இருக்கு. கேரளாவுல வாங்கினா அங்கதான் அலையணும்னு இல்ல, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம இருக்க மாவட்டத்துலயே நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நாங்க நாகர்கோவில்லதான் போட்டிருக்கோம். அண்ணன் இப்ப கொக்கி போட்டு ரப்பர் மரத்துல காஞ்சு ஒட்டியிருக்க ஒட்டுப்பால் பறிக்கப் போறான், மின்சாரக் கை பெட்டியோட அலமாரி மேல இருக்கு.