நாய் சாகுமா என்று கேட்டுவிட்டு வாங்குவது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், நாங்கள் ஆறு பெண்கள் மாதம் ஒரு நாவல் சேர்ந்து வாசிக்கிறோம். தேர்வு என் பொறுப்பு. போன வருடம் அட்டையில் குடும்பக் கதை என்று போட்டிருந்ததை நம்பி ஒன்றை வாங்கினேன். நாற்பதாவது பக்கத்தில், ராத்திரி வீடு புகுந்து எல்லாரையும் கட்டிப்போடுகிறார்கள். எங்களில் மூத்த அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்கு எழுந்து போனார். அவர் வீட்டில் நடந்தது அது. புத்தகத்துக்கும் 15 சதவீதம் வாட் கட்டும் நாட்டில் ஆறு பிரதி வாங்கிய காசும் போச்சு.

இப்போதெல்லாம் மனதைப் புண்படுத்தும் காட்சி இருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துவிடுகிறேன். அதிகம் உதவுவது ஸ்டோரிகிராஃப் என்ற புத்தகத் தளம். வாசித்தவர்களே அதில் இப்படிப்பட்ட காட்சிகளுக்கு எச்சரிக்கை போடுகிறார்கள்: விரிவாக வருகிறதா, நடுத்தரமா, லேசாகத் தொட்டுப் போகிறதா என்று மூன்று தரம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் சொன்னார்கள் என்ற எண்ணிக்கையோடு. அந்த எண்ணிக்கையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரே ஒருவர் 'லேசாக' என்றால் யோசிப்பேன்; நாற்பது பேர் 'விரிவாக' என்றால் விட்டுவிடுவேன். என்ன, பட்டியலில் 'குழந்தை மரணம்' என்று பார்த்துவிட்டால் பாதிக் கதை அங்கேயே அவிழ்ந்துவிடும். புதிதாக வந்த புத்தகத்துக்குப் பட்டியலே இருக்காது.

டஸ் த டாக் டை 2010-ல் சினிமாவில் நாய் சாகுமா என்று சொல்லத் தொடங்கிய தளம். இன்று புத்தகங்களும் உண்டு, கேள்விக்குக் கேள்வி ஆம், இல்லை என்று வாக்கும் உண்டு. ஒரே ஒரு விஷயத்துக்குப் பயப்படுபவருக்கு இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் பேர்போன புத்தகமாக இருக்க வேண்டும். காமன் சென்ஸ் மீடியா என்ற தளம் எந்த வயதுப் பிள்ளைக்கு ஏற்றது என்று கணக்குப் பார்ப்பது. தங்கை மகளுக்கு வாங்கும்போது சரி, எங்களுக்கு அது ஆகாது.

இங்கே சினிமாவுக்கு 13, 16, 18 என்று வயதும், பக்கத்தில் வன்முறைக்கு ஓர் எழுத்தும் போடுகிறார்கள். நாவலுக்கும் போட்டால் என்ன என்றேன் ஒருநாள். அக்கா முறைத்தார். எதை வாசிக்கலாம் என்பதை 1974 தணிக்கைச் சட்டத்தை வைத்து நிறவெறி அரசாங்கம் தீர்மானித்த காலத்தில் வளர்ந்தவர். எச்சரிக்கை வேறு, தடை வேறு என்று நான் வாதாடினேன். அவர் பாதிதான் ஒப்புக்கொண்டார்.

தமிழ்ப் புத்தகம் என்றால் நான் தேடியவரை தளங்களில் ஒன்றும் சிக்கவில்லை. மதுரையில் இருக்கும் சித்திதான் கதி. "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "அருமைடி" என்பார், அவ்வளவுதான். "வீடு புகுந்து அடிக்கிற காட்சி வருமா?" என்று கேட்டால்தான் பக்க எண்ணோடு வாய்ஸ் மெசேஜ் வரும். கதையையும் உடைக்காமல் சொல்வார். என் கணக்கில் சித்திக்குத்தான் முதலிடம்.

முன்கூட்டி எச்சரித்தால் மனவருத்தம் குறைவதில்லை, படபடப்புதான் கொஞ்சம் கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2023 கட்டுரை ஒன்று சொல்கிறது. அக்காவிடம் சொன்னேன். "பயம் போகும்னு யார் சொன்னா? எப்ப வாசிக்கிறதுன்னு நான் முடிவு பண்ணலாம்ல" என்றார். போன மாத நாவலில் பதினோரு பக்கங்களைச் சேர்த்துத் துணிக் கிளிப் மாட்டி வைத்திருந்தார். மறுவாரம் பார்த்தால் கிளிப் நாலு பக்கத்தில்தான் இருந்தது.