நடுவில் ஒரு சாலை: மருத்துவமனைக் கட்டடங்களை இணைக்க ஃபைபரா, ரேடியோவா, லேசரா?

இரண்டு கட்டடமும் ஒரே மதிலுக்குள் இருந்தால் இந்த அலசலே தேவையில்லை. மண்ணைத் தோண்டி, குழாய் பதித்து, சிங்கிள் மோட் ஃபைபரை (தொலைதூரத்துக்கு ஒளி கடத்தும் கண்ணாடி இழைக் கேபிளை) இழுத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நடுவில் ஒரு பொதுச்சாலை வந்ததும்தான் தலைவலி ஆரம்பிக்கிறது. தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் பக்கம் இது சகஜம். பழைய கட்டடம் நிரம்பியதும் எதிர்சாரியில் ஒரு வீட்டையோ கடையையோ வாங்கி ஸ்கேன் பிரிவை அங்கே மாற்றுவார்கள். "நெட்வொர்க் எப்படி?" என்று கேட்பது பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான்.

ஒரு சிடி ஸ்கேன் தொகுப்பே சில நூறு மெகாபைட் வரும். இங்கே கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனை, 2002ல் திறந்தபோதே காகிதமில்லா மருத்துவமனை என்று பெயர் வாங்கியது. இப்போது சின்ன இடங்களும் அந்த வழிக்கு வருகின்றன. காகிதம் போய்விட்டால், இணைப்பு அறுந்த நேரத்தில் வார்டில் மருந்துச் சீட்டு கூடத் தெரியாது. அதனால் வேகத்தை விட, எது எதனால் அறுந்துபோகும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேகத்தில் ஃபைபருக்குப் போட்டியே கிடையாது. இன்று 10 ஜிகாபிட், நாளை இரு முனையிலும் ஒளியை அனுப்பி வாங்கும் மாட்யூலை மாற்றினால் 100. மழை, பனி, வெயில் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் சாலையைக் குறுக்கே வெட்ட டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி நகராட்சியின் அனுமதி வேண்டும், அது வரும்போதுதான் வரும். பதித்த பிறகும் நிம்மதி இல்லை. தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வருகிறவர்கள் வெட்டுவார்கள். செம்பு என்று நினைத்துத் திருடர்கள் வெட்டுவார்கள், உள்ளே கண்ணாடி இழையைப் பார்த்ததும் அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது சாலைகளே அடித்துக்கொண்டு போயின. சாலைக்கு அடியில் கிடந்தது மட்டும் எப்படித் தங்கும்?

ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம், இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு ஃபைபர் வாங்கி மாதாமாதம் இரண்டு பில் கட்டிக்கொண்டிருந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்ற தைரியம். ஒரு நாள் இரண்டும் ஒரே நிமிடத்தில் போயின. போய்ப் பார்த்தால், நடைபாதைக்குக் கீழே ஒரே பள்ளத்தில், ஒட்டிக்கிடந்த இரண்டு ஆரஞ்சுக் குழாய்கள். ஜேசிபியின் ஒரே வாயில் இரண்டும் நறுக்கப்பட்டிருந்தன. மாற்று வழி வேறு நோயில் சாக வேண்டும். நான் மூன்றையும் எடைபோடுவது இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

இப்போது லேசர் லிங்க். இரண்டு மொட்டைமாடியிலும் கேமரா பெட்டி அளவில் ஒரு தலை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஒன்றோடொன்று பேசும். ஒரு ஜிகாபிட் சர்வசாதாரணம், 10 ஜிகாபிட் கருவிகளும் உண்டு. பள்ளம் தோண்ட வேண்டாம். சர்வதேச விதிகளில் ரேடியோ அலை என்பது 3000 கிகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது, ஒளி அதற்கும் மேலே. எனவே அலைவரிசை உரிமம் என்ற பேச்சே இல்லை. ரேடியோ அலையே வராததால் மருத்துவக் கருவிகளுக்குத் தொல்லை தருமோ என்று பயோமெடிக்கல் பிரிவு கேள்வி கேட்பதும் இல்லை.

ஒளியில் செய்தி அனுப்புவது நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்குப் புதிதும் இல்லை. 1899–1900ல் போயர் போரின்போது லேடிஸ்மித் ஊர் முற்றுகையில் சிக்கிய பிரிட்டிஷார் கண்ணாடியில் சூரிய ஒளியை வெட்டி வெட்டித்தான் வெளியே இருந்த படையோடு பேசினார்கள். மேகம் மூடிய நாளில் பேச்சு நின்றது. இன்றைய லேசருக்கு மேகம் பொருட்டில்லை, ஆனால் மூடுபனி தரையிறங்கினால் அதே கதிதான்.

அதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். 200 மீட்டர் வரைதான் கண்ணுக்குத் தெரிகிற பனியில், ஒளி கிலோமீட்டருக்குச் சுமார் 85 டெசிபெல் இழக்கும் (ஒவ்வொரு 10 டெசிபெல் இழப்புக்கும் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு). 200 மீட்டர் லிங்க் என்றால் 17 டெசிபெல், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேரும். நல்ல கருவி இதைத் தாங்கும். அதுவே 50 மீட்டர்தான் தெரிகிற பனி, 300 மீட்டர் தூரம் என்றால் இழப்பு 100 டெசிபெல்லைத் தொடும். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு! எந்தக் கருவியும் நிற்காது. எதிர்க் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற வரை லிங்க் பெரும்பாலும் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டர்பன் கடற்கரையோரம் அப்படிப்பட்ட பனி அபூர்வம். அங்கே வேறு சில்லறைத் தொல்லைகள். உப்புக்காற்று லென்ஸில் மெல்லிய படலமாகப் படியும், துடைக்க ஆள் வேண்டும். கிழக்கைப் பார்த்த தலைக்குள், வருஷத்தில் இரு முறை சில நாட்கள், காலைச் சூரியன் சில நிமிடம் நேராக இறங்கி லிங்க்கை அறுக்கலாம். வடக்கு–தெற்காக மாட்ட முடிந்தால் அந்தத் தொல்லையே இல்லை. டர்பன் மழைக்கு மரம் வளரும் வேகமும் தெரிந்ததுதானே, இன்று தெரிகிற எதிர்மாடி மூன்று வருஷத்தில் மாமரத்துக்குப் பின்னால் போய்விடும்.

அப்புறம் குரங்கு. ஒளிக்கற்றை 2 மில்லிரேடியன், அதாவது மீட்டருக்கு 2 மில்லிமீட்டர், விரிந்தால் 300 மீட்டருக்கு அப்பால் அதன் அகலம் 60 சென்டிமீட்டர்தான். தலை ஒரு துளி திரும்பினாலும் குறி தப்பிவிடும். கம்பத்தைத் தகரக் கூரையிலோ கைப்பிடிக் கம்பியிலோ மாட்டினால், சாட்ஸ்வொர்த், வெஸ்ட்வில் பக்கத்து வெர்வெட் குரங்கு ஒன்று ஏறி உட்கார்ந்தாலே போதும். கான்கிரீட் தூணிலோ கனமான சுவரிலோ குட்டையான தாங்கியில்தான் மாட்ட வேண்டும். இன்னொன்று: அந்தக் கருவி கிளாஸ் 1எம் வகை என்றால் வெறும் கண்ணுக்குப் பாதுகாப்பு, பைனாகுலரில் பார்த்தால் ஆபத்து. எதிர்த்தலை எங்கே இருக்கிறது என்று பைனாகுலரை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு, சொல்லிவையுங்கள்.

லேசரின் பெரிய குறை எனக்கு வேறு. தயாரிக்கிறவர்கள் குறைவு. தலை பழுதானால் டர்பன் கடையில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வாங்கும்போதே மூன்றாவது தலை ஒன்றை வாங்கி அலமாரியில் வைக்கப் பணம் இல்லை என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இந்த விஷயத்தில் நேர் எதிர். மைக்ரோடிக், யுபிக்விட்டி நிறுவனங்களின் பெட்டிகள் மலிவு, ஊரில் கிடைக்கும், மாட்டத் தெரிந்தவர்களும் உண்டு. உரிமம் வேண்டாம். சில நூறு மீட்டருக்கு ஒரு ஜிகாபிட் தரும். காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் விழுங்குவதால் தூரம் போகாது, ஆனால் அதனாலேயே பக்கத்து லிங்க்கின் இரைச்சலும் வந்து சேராது. பனியை இது கண்டுகொள்ளாது, அடர்ந்த பனியிலும் இழப்பு கிலோமீட்டருக்குச் சில டெசிபெல்தான். இதன் எதிரி மழை. மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டினால் கிலோமீட்டருக்கு 30 டெசிபெல் போல இழக்கும், அதே மழையில் லேசர் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இழக்கும். 300 மீட்டரில் இரண்டுமே பிழைக்கும். ஒன்றரைக் கிலோமீட்டர் என்றால் கோடை இடிமழையில் ரேடியோ முதலில் விழும். தூரம் கூடுகிறதே என்று 70, 80 கிகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் அலைவரிசைகளை ஒழுங்குபடுத்தும் இக்காசா ஆணையத்திடம் பேச வேண்டிவரும்.

வைஃபை ஓடும் 5 கிகாஹெர்ட்ஸ்? தொலைபேசிக்கும் நோயாளி பதிவுக்கும் அவசர வழியாக வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் படத்துக்குச் சரிப்படாது, ஊரே அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

சரி, என் தேர்வு. கடற்கரையோர டர்பனில், 500 மீட்டருக்குள், சாலை வெட்ட அனுமதி கிடைக்கும் என்றால்: ஃபைபர் முதல் வழி, கூரையில் 60 கிகாஹெர்ட்ஸ் மாற்று வழி. ஜேசிபி கூரைக்கு வராது. அனுமதி கிடைக்காது, அல்லது இரண்டு வருஷத்துக்கு மட்டும் எடுத்த வாடகைக் கட்டடம் என்றால்: லேசர் முதல் வழி, அதே ரேடியோ பின்னால். பனிக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று இரண்டும் வேறு வேறு நாளில்தான் படுக்கும். உள்ளே மேட்டுப்பகுதியில் ஹில்ட்டன், ஹாவிக் பக்கம் என்றால் லேசரை மறந்துவிடுங்கள். என்3 நெடுஞ்சாலையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்கிற பனியில் அது எத்தனை நாள் வேலை செய்யும் என்று விற்பனையாளர் சொல்லமாட்டார்.

எதை மாட்டினாலும் இரு முனையும் சிவப்பு சாக்கெட்டில், ஜெனரேட்டர் வரிசையில் இருக்கட்டும். மின்வெட்டில் பிரதான கட்டடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, எதிர்சாரியில் படிக்கட்டுக்கு அடியில் உள்ள ஸ்விட்ச் சாதாரணப் பிளக்கில் அணைந்து கிடப்பதை நிறையப் பார்த்தாயிற்று. கூரைக்கு ஏறுகிற டேட்டா கேபிளும் ஃபைபராக இருந்தால், கோடை இடி செம்பு வழியாக உள்ளே இறங்கி ஸ்விட்ச்சைச் சுடாது. மின்கம்பிக்குத் தனியாக சர்ஜ் காப்பு போடுங்கள். லேசர் கற்றையை நடுவில் ஒட்டுக்கேட்பது கடினம் என்று விளம்பரம் சொல்லும், உண்மையும்கூட. ஆனாலும் நோயாளி விவரம் தனிநபர் தகவலைக் காக்கும் போப்பியா சட்டத்தில் தனிக் கவனத்துக்கு உரியது, எனவே இரு முனை ஸ்விட்ச்சிலும், இணைப்பில் போகும் தரவைப் பூட்டும் மேக்செக் குறியாக்கத்தை இயக்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள்.