புது ஆற்றின் மேல் ஒரு சிறு பாலம்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கல்லணையில் பிரிந்து தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டம் வரை செல்லும் கல்லணைக் கால்வாய், எங்கள் வழக்கில் புது ஆறு, மேட்டூர் அணைத் திட்டத்தின் பகுதியாக 1934-இல் பாசனத்துக்கு வந்தது. இரண்டே கால் லட்சம் ஏக்கருக்கு மேல் நீர் கொடுக்கும் இந்தக் கால்வாயின் கரைகள் பல இடங்களில் சரிந்து, தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேராத நிலை வந்த பிறகுதான் சீரமைப்புத் திட்டம் வந்தது. 2021 பிப்ரவரி 14 அன்று ரூ.2,640 கோடி மதிப்பில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கரை சீரமைக்கப்பட்ட பகுதி ஒன்றில், தஞ்சாவூருக்கும் ஒரத்தநாட்டுக்கும் இடையில், கிராமச் சாலையைத் தாங்கி நிற்கும் மூன்று கண் பாலத்தை நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். வயலும் வீடும் ஆற்றின் இரு பக்கங்களில் இருப்பதால் எனக்கு வேறு வழியும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்பிருந்த பாலத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். அறுவடைக் காலத்தில் நெல் லாரி ஒரு கரையிலும் பேருந்து மறு கரையிலும் நின்றுவிட்டால், "அண்ணே, நீங்க அங்கயே நில்லுங்க, லோடு மொதல்ல வரட்டும்" என்று யாராவது இறங்கிக் கத்த வேண்டியிருக்கும். இப்போது இரண்டு வண்டிகள் தாராளமாக விலகிச் செல்கின்றன. நெல் அறுக்கும் இயந்திரமான பெல்ட் வண்டியை ஏற்றிவரும் லாரி, வைக்கோல் கட்டுகளை அகலமாக அடுக்கிய டிராக்டர், கொள்முதல் நிலையத்துக்குப் போகும் மூட்டை லாரி என எல்லாம் கடந்தும், மேல்தளத்தில் இன்றுவரை கண்ணுக்குத் தெரியும் விரிசல் இல்லை. கான்கிரீட் வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறை, பாலம் முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. இரண்டாவது மழைக்காலத்துக்குள்ளேயே கிழக்குப் பக்க அணுகுசாலை நான்கு விரல் அளவுக்கு அமுங்கிவிட்டது. தளம் தாங்குசுவரின் மேல் உட்கார்ந்திருப்பதால் அது அசைவதில்லை. சுவருக்குப் பின்னால் கொட்டி நிரப்பிய மண்ணோ ஜூன் முதல் ஜனவரி வரை ஆற்று நீரின் ஈரத்தில் ஊறி, பிறகு கோடையில் காய்ந்து, ஆண்டுக்கு ஒருமுறை உப்பிச் சுருங்குகிறது. பாரம் ஏற ஏற அது இறங்கிக்கொண்டே போகிறது. வயல் களிமண்ணைப் போடாமல் நீர் வடியக்கூடிய கிராவலை அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்து உருளையால் அழுத்தி, அதன் மேல் தாங்குசுவரிலிருந்து சாலைக்குள் நீளும் ஒரு கான்கிரீட் பலகத்தைக் கிடத்தியிருந்தால் இந்தப் பள்ளம் பெரும்பாலும் விழுந்திருக்காது. இங்கே அந்தப் பலகம் இல்லை. ஒவ்வொரு முறையும் தார்க்கலவையை ஒட்டுப் போட்டுச் சரிசெய்கிறார்கள். அது ஒரு போகம் தாங்குகிறது. இரவில் பின்னால் ஆள் உட்கார வைத்து இருசக்கர வண்டியில் வருபவர்களுக்கு இந்த இடம் உண்மையிலேயே ஆபத்தானது. தூக்கிப் போடும் அந்த இடம் எது என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

மழைநீர் வடியும் துளைகள் இன்னொரு சிக்கல். கைப்பிடிச்சுவரின் அடியில் தளத்தோடு ஒட்டி அவை வைக்கப்பட்டுள்ளன, ஆனால் விட்டம் மிகவும் சிறியது. சென்ற ஐப்பசி மழையில் பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றபோது, பக்கத்து டீக்கடைக்காரர் ஓர் இரும்புக் கம்பியால் ஒரு துளையைக் குத்தி எடுத்தார். வைக்கோல் துணுக்கும், லாரியிலிருந்து சிந்தி முளைவிட்ட நெல்லும், கப்பிப் பொடியும் இறுகிக் கல்லைப் போன்ற ஒரு கட்டி வெளியே வந்தது. அடுத்த நொடியே தண்ணீர் சுழித்து இறங்கியது. நெல் போகும் சாலையில் கட்டும் பாலத்துக்கு இந்த அளவுத் துளை போதாது.

இனி ஆற்றைப் பற்றி. கரைச்சரிவில் கான்கிரீட் போட்ட பிறகு தண்ணீர் முன்னைவிட வேகமாக ஓடுகிறது. கடைமடைக்காரர்களுக்கு இது தேவையான மாற்றம் என்பதை நான் மனதார ஏற்கிறேன். அடித்தளத்திலும் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் ஊறாது என்று விவசாயிகள் எதிர்த்ததிலும் நியாயம் உண்டு, ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் குறுவை போடும் எங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் பாலத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு உடனடியாகத் தெரிந்த மாற்றம் வேறு. முன்பு மண்கரையில் மாடும் மனிதரும் இறங்கிய தடங்கள் இருந்தன. இப்போது அந்த இடத்தில் பாசி படிந்த வழுக்குச் சரிவு. பாலத்தின் மேற்குக் கரையில் ஒரு படித்துறை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அது நன்றாகவே இருக்கிறது, ஆடிப்பெருக்கன்று பெண்கள் அங்கேதான் விளக்கும் காதோலை கருகமணியும் வைத்துப் படைக்கிறார்கள். கிழக்குக் கரையில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்துத் தெருவினர் துணி துவைக்கவும் பாலத்தைக் கடந்து வருகிறார்கள், நடைபாதை இல்லாத பாலத்தில், லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி. தவறி விழுந்தவர் பிடித்துக்கொள்ளச் சரிவில் ஒரு சங்கிலியோ கம்பி வளையமோகூட இல்லை என்பது, பிள்ளைகள் குளிக்கும் ஓர் ஆற்றில் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத குறை.

தூண்களைப் பொறுத்தவரை ஒரு செய்தி போதும்: ஆகாயத்தாமரை வந்து நடுக்கண்ணில் அடைத்துக்கொள்கிறது, நீர் திறந்த முதல் வாரத்தில் ஆள் விட்டு அள்ளினால் அந்த ஆண்டு முழுவதும் தொல்லை இல்லை.

இத்தகைய பாலம் உங்கள் ஊருக்கு வருவதாக இருந்தால், தளத்தின் அகலத்தைக் கேட்பதற்கு முன் அணுகுசாலையில் என்ன மண் போடப் போகிறார்கள், இரு கரையிலும் படித்துறை உண்டா என்று கேளுங்கள். எங்கள் பாலத்துக்குக் கிழக்குக் கரைப் படித்துறை, சரிவில் சங்கிலி, அணுகுசாலைக்குக் கான்கிரீட் பலகம் ஆகிய மூன்றையும் கோரி ஜனவரி 26 கிராம சபையில் மனு வைக்கிறோம். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல்தான் திறக்கப்படும். ஆற்றில் இறங்கி வேலை செய்ய இடையிலுள்ள அந்தக் கோடை மாதங்கள் மட்டுமே கிடைக்கும்.