ஒரே ஈயச் சொம்புக்கு நாலு முகவரி: கூகுள் சர்ச் கன்சோல் எப்படி?

மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் பாத்திரக் கடையின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நம் தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கருவி கூகுள் சர்ச் கன்சோல். அதில் எனக்கு மிகவும் பிடித்தது முகவரியைச் சோதிக்கும் பெட்டி. நம் தளத்தின் ஒரு முகவரியை அதில் ஒட்டினால், நாம் அறிவித்த கேனானிக்கல் (ஒரே பக்கத்துக்குப் பல முகவரி இருந்தால் அவற்றில் முதன்மையானது) எது, கூகுள் எடுத்துக்கொண்டது எது என்று அடுத்தடுத்த வரியில் காட்டிவிடும். காசும் கிடையாது.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு எங்களிடம் நன்றாகப் போகும். அதற்கு நேர் முகவரி ஒன்று. அளவைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்று, விலை வரிசைப் பட்டியல் வழியாகப் போனால் வேறொன்று, வாட்ஸ்அப் விளம்பரத்திலிருந்து வந்தால், எங்கிருந்து வந்தார்கள் என்று குறிக்கும் யூடிஎம் வால் ஒட்டிய ஒன்று. சொம்பு ஒன்றுதான். தளத்தை அமைத்தவர் நேர் முகவரிக்குக் கேனானிக்கல் போட்டிருந்தார். ஆனால் மெனுவும், தேடுபொறிக்குத் தரும் முகவரிப் பட்டியலான சைட்மேப்பும் அரை லிட்டர் முகவரியைக் காட்டின. கூகுளும் அதையே எடுத்துக்கொண்டது. பெரிய சொம்பு விற்பதில்லையா என்று கடைக்குப் போன் வர ஆரம்பித்தது.

கேனானிக்கல், 2009-ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்த குறி. கூகுளுக்கு அது கட்டளை இல்லை, நம் விருப்பம் மட்டுமே. ஒரு முகவரிக்கு வருபவரை நிரந்தரமாக இன்னொன்றுக்கு அனுப்பும் 301 திருப்பல், உள்இணைப்புகள், சைட்மேப் எல்லாம் ஒரே முகவரியைச் சொன்னால்தான் நம் பேச்சு எடுபடும். மெனுவையும் சைட்மேப்பையும் திருத்தினோம். கூகுள் மறுபடி வந்து படித்ததும் இரண்டு வரியிலும் ஒரே முகவரி. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

உபரி முகவரிகளை, எதைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அடைத்துவிடச் சொல்வார்கள். வேண்டாம். அடைத்தால் கூகுள் அந்தப் பக்கத்தைப் படிக்காது, உள்ளே இருக்கும் கேனானிக்கலும் அதன் கண்ணில் படாது.

குறையும் உண்டு. பக்கத்தை அப்போதே படித்துப் பார்க்கும் நேரலைச் சோதனையில் கூகுளின் தேர்வு தெரியாது, பக்கம் மறுபடி இன்டெக்ஸ் ஆகும்வரை, அதாவது கூகுளின் தேடல் பட்டியலில் பதிவாகும்வரை, பொறுக்க வேண்டும். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் வால்களை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாமே சொல்லிவைக்கும் வசதியை 2022-ல் எடுத்துவிட்டார்கள். அளவு, நிறம், வரிசை என்று நீளும் கடைத் தளங்களுக்கு அது இழப்புதான்.

ஒவ்வொன்றாக ஒட்ட அலுப்பாக இருந்தால் தளத்தின் முகவரிகளை மொத்தமாகப் படிக்கும் ஸ்க்ரீமிங் ஃபிராக் என்ற மென்பொருள் இருக்கிறது, 500 முகவரி வரை இலவசம். ஆனால் நம் தளத்தில் எழுதியிருப்பதைத்தான் அது தானாகப் படித்துச் சொல்லும். கூகுளின் முடிவு சர்ச் கன்சோலில்தான் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதில் ‘பக்கங்கள்’ என்ற அறிக்கைக்குப் போய், நாம் சொன்னதை விட்டுவிட்டு கூகுள் வேறு கேனானிக்கலைத் தேர்ந்தெடுத்த பக்கங்களின் பட்டியலை முதலில் திறந்து பாருங்கள்.