கொடுமைக்கு எதிரான வன்முறை: மூன்று நிலைகள், மூன்று தீர்ப்புகள்

ஆள்வோர் மக்களைக் கொன்று குவிக்கும்போது ஆயுதம் ஏந்துவது நியாயமா என்ற கேள்விக்குப் பொதுவான ஒரு பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நடந்து முடிந்த படுகொலைக்குக் கணக்குத் தீர்ப்பது, கொடுங்கோல் ஆட்சியின் பிடியைத் தளர்த்துவது, நடந்துகொண்டிருக்கும் கொலையைத் தடுத்து நிறுத்துவது ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள். ஒவ்வொன்றையும் அந்தந்தச் சூழலில் கைக்கு எட்டிய அறவழிப் போராட்டத்தோடு ஒப்பிட்டே எடைபோட வேண்டும்.

முதலாவதற்கு உத்தம் சிங்கின் செயல் தெளிவான எடுத்துக்காட்டு. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாக்கில் அரசுக் கணக்கின்படியே 379 பேர் கொல்லப்பட்டனர். சுட உத்தரவிட்ட டயர் பதவியை இழந்தாரே தவிர, குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை. அவரது செயலை ஆதரித்த பஞ்சாபின் முன்னாள் துணைநிலை ஆளுநர் ஓ'டையரை, 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் அரங்கில் உத்தம் சிங் சுட்டுக் கொன்றார். நீதி மறுக்கப்பட்டவரின் சினம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அதிகாரத்திலிருந்து விலகி இருபது ஆண்டுகள் கடந்த முதியவரைக் கொன்றதால் எந்த உயிரும் காக்கப்படவில்லை. அதே படுகொலையின் கொதிப்பிலிருந்து 1920இல் எழுந்த ஒத்துழையாமை இயக்கம் எண்ணற்ற எளிய மக்களை அரசியலுக்குள் கொண்டுவந்தது. இந்த ஒப்பீட்டில் எனக்குத் தயக்கமில்லை.

இரண்டாம் நிலை அவ்வளவு எளிதன்று. 1960 மார்ச் 21 அன்று நிறவெறி ஆட்சியின் கீழிருந்த தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில், கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அனுமதிச்சீட்டுச் சட்டங்களை எதிர்த்துக் கூடியவர்களில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில வாரங்களுக்குள், நிறவெறியை எதிர்த்த முதன்மை அமைப்பான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது. சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் அடைக்கப்பட்ட பிறகே, 1961 டிசம்பர் 16 அன்று அதன் ஆயுதப் பிரிவு மின் நிலையங்களையும் அரசுக் கட்டடங்களையும் குறிவைத்து, உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கும் நோக்கத்தோடு நாசவேலையைத் தொடங்கியது. அந்தக் கட்டுப்பாடே அதற்குத் தார்மிக வலுவைத் தந்தது. 1983இல் பிரிட்டோரியாவின் சர்ச் தெருவில் வெடித்த கார் குண்டுக்கு 19 பேர் பலியானபோது அந்த வலு குறைந்தது. பின்னாளில், நிறவெறிக் காலத்து மீறல்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் போராட்டத்தின் நோக்கத்தை நியாயமானதாக ஏற்றுக்கொண்டும், அதில் நிகழ்ந்த மனித உரிமை மீறல்களுக்கு அவ்வமைப்பைப் பொறுப்பாக்கியது. வேலைநிறுத்தங்கள், நுகர்வோர் புறக்கணிப்பு, பன்னாட்டுத் தடைகள் ஆகியவையே நிறவெறி ஆட்சியை அதிகம் நெருக்கின என்பது என் மதிப்பீடு.

அரசியல் ஆய்வாளர்கள் எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் ஆகியோரின் ஆய்வும் இதற்கு இசைவாகவே உள்ளது. 1900 முதல் 2006 வரை நடந்த போராட்டங்களில் அறவழியில் சென்றவை சுமார் 53 சதவீதமும், ஆயுத வழியில் சென்றவை சுமார் 26 சதவீதமும் வெற்றி பெற்றதாக அவர்கள் கணக்கிட்டனர். ஆனால் சராசரியை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. ஆளப்படுவோரின் உழைப்பும் வரியும் கீழ்ப்படிதலும் ஆட்சிக்குத் தேவைப்படும் வரையில்தான், அவற்றைத் தர மறுப்பது ஆயுதமாகிறது. மக்களே இருக்கக் கூடாது என்று முடிவெடுத்த ஆட்சியிடம் எதைத் தர மறுப்பது?

அதுவே மூன்றாம் நிலை. போலந்தைக் கைப்பற்றிய நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் இருந்தவர்கள் நின்றது அந்த இடத்தில்தான். 1942 கோடையில் அங்கிருந்து ஏறத்தாழ 2,65,000 யூதர்கள் டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எஞ்சியோரில் சிலர் 1943 ஏப்ரல் 19 முதல் கைத்துப்பாக்கிகளையும் பெட்ரோல் குண்டுகளையும் கொண்டு ஏறத்தாழ ஒரு மாதம் எதிர்த்து நின்று தோற்றனர். வெற்றி வாய்ப்பு இருந்தால்தான் வன்முறை நியாயம் என்ற வழக்கமான அளவுகோல் இங்கே உடைந்துவிடுகிறது. அவர்கள் பணிந்திருந்தாலும் ஒருவர்கூடக் கூடுதலாகப் பிழைத்திருப்பார் என்று கருத இடமில்லை.

1994இல் ருவாண்டாவில் டுட்சி இன மக்கள்மீதான படுகொலை உச்சத்தில் இருந்தபோது ஐ.நா. பாதுகாப்பு அவை அங்கிருந்த அமைதிப்படையைக் குறைத்தது; டுட்சிகள் தலைமையிலான கிளர்ச்சிப் படையான ருவாண்டா தேசபக்த முன்னணியின் ராணுவ வெற்றியே ஜூலையில் கொலைகளுக்கு முடிவுகட்டியது. இங்கே ஆயுத வழியின் நியாயத்தை மறுப்பது கடினம். எனினும் அந்தப் படையினரும் ஆயுதமற்ற பொதுமக்களைக் கொன்றனர். போரைத் தொடங்கியதற்கான நியாயம் அந்தக் கொலைகளுக்கு நீளாது. தான்சானியாவின் அருஷாவில் அமைந்த பன்னாட்டுத் தீர்ப்பாயம் இனப்படுகொலையை நடத்தியவர்களைத் தண்டித்தது. வென்ற தரப்பினர் ஒருவர்மீதுகூட அது குற்றம் சாட்டவில்லை.