கீசர் ஓடவில்லையா? தங்கச்சிமடம் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்

ராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறோம். விடிகாலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு வெந்நீர் இல்லையென்றால் அன்றைக்குப் பிரளயம்தான். மாடி கீசரில் சுவிட்ச் போட்டும் சிவப்பு லைட் எரியவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தோம். புகார் எண் வந்தது, ஆள் வரவில்லை.

பக்கத்து ஊரான தங்கச்சிமடத்திலிருந்து வந்த மெக்கானிக் தம்பி எடுத்த எடுப்பில் கீசரைத் தொடவில்லை. 16 ஆம்பியர் சாக்கெட்டில் கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அப்புறம் மெயினை அணைத்து, அடிமூடியைத் திறந்தார். சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கிற கட்-அவுட் விழுந்திருந்தது. "இந்தப் பட்டனை அமுக்கிட்டு நான் போயிடலாம்க்கா, ஆனா திரும்ப விழும்" என்றார்.

தண்ணீரை வடித்து, சூடேற்றும் காயிலை வெளியே இழுத்தால், உப்பில் புரட்டிய கருவாடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. தொட்டி துருப்பிடிக்காமல் காக்கிற பக்கத்து மெக்னீசியம் தண்டு கரைந்து வெறும் கம்பி. கடல் காற்றில் டெர்மினல் பச்சை பூத்திருந்தது. எல்லாம் மாற்றி, சூட்டை அளவாக வைக்கிற தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைத்தார். பழைய சாமானைக் கையில் கொடுத்த பிறகே பில் போட்டார். அது எனக்குப் பிடித்தது.

கூலி கொஞ்சம் அதிகம்தான். காலையில் வருகிறேன் என்றவர் மதியம் வந்தார், குளியலறையில் கொட்டிய சுண்ணாம்புத் தூளையும் நான்தான் கூட்டினேன். இருந்தாலும் கீழ்வீட்டு கீசருக்கும் அவரையே வரச் சொல்லியிருக்கிறேன்.